மூச்சுக்கு இடம் விடாத பாடல்கள்: வோவகாவின் 'அன்ஹெப்பி ரிஃப்ரெய்ன்' இறுவட்டும், பின்னால் வந்த ஒரு பாட்டும்

கணினியில் மட்டுமே பாடும் கற்பனைப் பாடகி ஹட்சுனே மிக்குவின் குரலை மென்பொருளாக்கி 2007 ஓகஸ்ட் 31 அன்று விற்பனைக்கு விட்ட கிரிப்டன் நிறுவனம், அந்தக் குரலுக்கு இரண்டு அளவுகளைக் குறித்துக் கொடுத்திருந்தது. பாடும் எல்லை ஏ3 சுரம் முதல் ஈ5 சுரம் வரை. பொருத்தமான வேகம் நிமிடத்துக்கு 70 முதல் 150 அடி வரை. ஜப்பானிய இசையமைப்பாளர் வோவகா அந்தக் குரலைப் பாடவைத்து 2010 பெப்ரவரி 14 அன்று இணையத்தில் ஏற்றிய 'ரோலிங் கேர்ள்' ஓடுவதோ 195 அடியில். இந்த மனிதரின் பாடல்களை விளங்கிக்கொள்ள இந்த ஒரு கணக்கே போதும். அவற்றின் இருட்டு, வரிகளில் இருக்கிறது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். வரிகளைத் தெரியாமல் கேட்டாலும் நெஞ்சு இறுகுகிறதே, அது ஏன்? பாடுகிற குரல் எங்கேயும் மூச்சு எடுப்பதில்லை. கேட்கிற நாம் நம்மை அறியாமலே அதோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்.

'அன்ஹெப்பி ரிஃப்ரெய்ன்' இறுவட்டு வெளிவந்தது 2011 மே 18. அவரும் நண்பர்களும் சேர்ந்து நடத்திய பலூம் என்ற சிறு வெளியீட்டகத்தின் பெயரில் வந்தது. 2009இலிருந்து நிக்கோநிக்கோ என்ற ஜப்பானியக் காணொளித் தளத்தில் அவர் ஒவ்வொன்றாக ஏற்றி, பத்து லட்சம் பார்வைகளைத் தாண்டிய 'உராஒமோதே லவர்ஸ்', 'ரோலிங் கேர்ள்', 'வேர்ல்ட்ஸ் எண்ட் டான்ஸ்ஹோல்' மூன்றும் இதில் உண்டு. தலைப்புப் பாட்டும் உண்டு. அனிமே வழியாகவும் மிக்கு விளையாட்டுகள் வழியாகவும் இந்தப் பாடல்களுக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் திருகோணமலையிலும் இருக்கிறார்கள். உவர்மலையிலோ உப்புவெளியிலோ ஒரு கித்தாரும் சின்ன அம்ப்பும் வைத்திருக்கிற ஒருவருக்கு இது நல்ல முதலீடா என்று கேட்டால், ஆம். ஆனால் வாசிக்கப் போகிறவர் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

முதலில் கேட்கும் முறை. போன் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு 'ஒரே இரைச்சல்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்தப் பாடல்களைத் தாங்கி ஓடுவது பேஸ். போன் ஒலிபெருக்கி அதை அப்படியே விழுங்கிவிடும், மிஞ்சுவது மிக்குவின் கூர்மையான குரலும் சிம்பலின் சீறலும்தான். வயர் உள்ள சாதாரண ஹெட்போன் போதும், ஆனால் இரண்டு காதிலும் மாட்டுங்கள். ஒரு காதைக் கழற்றிவிட்டால் இரு பக்கமும் பிரித்துப் பதியப்படும் கித்தார்களில் ஒன்றை இழந்துவிடுவீர்கள். இறுவட்டைக் கையில் எடுத்தவர்கள் கணினிக்கு மாற்றும்போது ஒலித்தரம் குறையாத வாவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறுவட்டின் ஒலி நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் அளவில் இடம்பிடிக்கும், இன்றைய போனுக்கு அது பெரிய பாரமில்லை. வேகமான கித்தாரும் சிம்பலும் குறைந்த தர எம்பி3இல்தான் முதலில் கெடும். தண்ணீருக்குள் கேட்பதுபோல ஒரு சலசலப்பு வரும்.

இனி 'ரோலிங் கேர்ள்'. நேரத்தைப் போட வேண்டிய பாட்டு இதுதான்.

பாட்டின் நரம்பு ஒரு சொல் விளையாட்டு. 'மோ இக்காய்' என்றால் 'இன்னொரு தரம்'. விழுந்தாலும் திரும்ப எழும்பி உருளும் சிறுமி அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். 'மோ ஈ காய்' என்பது வேறு. ஒளிச்சுப்பிடிச்சு விளையாட்டில் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கும் பிள்ளை, ஒளிந்தவர்களைப் பார்த்து 'வரலாமா?' என்று கேட்கும் குரல் அது. பாட்டு முழுக்க இந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வரும். கேள்விக்குப் பதில் கடைசியில்தான் கிடைக்கிறது: சரி, போதும், நீயும் களைத்துப் போயிருப்பாய் என்று. அதன் பிறகு மூச்சை நிறுத்துவது பற்றிய வரியோடு பாட்டு முடிகிறது. அதை ஓய்வு என்று எடுப்பவர்களும் உண்டு, சாவு என்று எடுப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் வரியில் இடமிருக்கிறது. மனம் கனத்த இரவில் இதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்பது நல்லதல்ல. அப்படியொரு இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் இலங்கையில் எங்கிருந்தும் 1926க்கு எடுக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

அந்தச் சொல் விளையாட்டை இன்னும் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ் வாய்க்கு இந்தப் பாட்டு இடறுவது சரியாக அந்த இடத்தில்தான். ஜப்பானிய மொழி சொல்லைச் சம அலகுகளாக எண்ணும். 'மோ இக்காய்' அவர்கள் கணக்கில் ஆறு: மொ, ஒ, இ, க், க, இ. 'மோ ஈ காய்' என்பதும் ஆறு: மொ, ஒ, இ, இ, க, இ. மாறுவது நான்காவது அலகு மட்டும். ஒன்றில் அந்த இடத்தில் ஒலி நிற்கிறது, மற்றதில் ஒலி நீள்கிறது. நம்முடைய மாத்திரைக் கணக்கும் கிட்டத்தட்ட இதேதான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஆனால் மெய்யெழுத்துக்கு நாம் அரை மாத்திரைதான் கொடுப்போம், அவர்கள் அந்த அடைப்புக்கு முழு அலகு கொடுக்கிறார்கள். பக்கம், அக்கா என்று சொல்லிப் பழகிய நாக்கு 'இக்கா'வையும் அதே வேகத்தில் கடந்துவிடும். ஆறு அலகு ஐந்தரை ஆகிவிடும்.

ஐந்தரையால் என்ன கெடும்? 195 அடியில் ஒரு அடிக்கு 0.308 நொடி. ஓர் அலகை அரை அடியாக வைத்துச் சொல்லிப் பழகினால் ஓர் அலகுக்கு 0.154 நொடி, அதில் பாதி 0.077. ஒவ்வொரு முறை அந்தச் சொல்லைச் சொல்லும்போதும் அவ்வளவு முந்துகிறீர்கள். அடுத்தடுத்து நான்கு முறை சொன்னால் ஒரு முழு அடி முன்னால் நிற்பீர்கள். டிரம் அடிப்பவர் பின்தங்குகிறார் என்று அவரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. மருந்து எளிது. தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 80இல் வைத்து, அரை அடிக்கு ஓர் அலகாக, ஒவ்வோர் அலகுக்கும் மேசையில் ஒரு விரல் தட்டு. நான்காவது தட்டில் வாய் மூடியிருக்க வேண்டும், ஆனால் விரல் தட்ட வேண்டும். அந்த மௌனமான தட்டு பழகிய பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

தமிழில் பாட நினைப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. 'இன்னொரு தரம்' என்பதை எண்ணிப் பாருங்கள்: இ 1, ன் அரை, னொ 1, ரு 1, த 1, ர 1, ம் அரை. மொத்தம் ஆறு. 'வரலாமா' என்பதும் 1, 1, 2, 2, ஆறேதான். ஒலியொற்றுமை போய்விடும், அந்த இழப்புக்கு ஈடில்லை. ஆனால் அளவு அச்சாகப் பொருந்துகிறது. 'மறுபடியும் ஒருமுறை' போன்ற நீளச் சொற்களைத் திணித்தால்தான் பாட்டு மூச்சு முட்டித் தடுமாறும். குறில் நிறைந்த பேச்சுத்தமிழ்ச் சொற்களைத் தேடுங்கள்.

கித்தாருக்கு வருவோம். பியானோவும் கித்தாரும் ஒன்றையொன்று துரத்தும் பாட்டு இது. கீபோர்ட் இல்லாத குழுக்கள் பியானோ வரியைக் கித்தாரில் ஒக்டேவாக, அதாவது ஒரே சுரத்தைக் கீழும் மேலுமாக ஒன்றாக, எடுப்பது வழக்கம். சுட்டுவிரல் ஆறாவது கம்பியில், மோதிரவிரல் இரண்டு ஃபிரெட் தள்ளி நான்காவது கம்பியில். இடையிலுள்ள ஐந்தாவது கம்பியை சுட்டுவிரலின் நுனி தொட்டு ஊமையாக்க வேண்டும். நான்காவது, இரண்டாவது கம்பிகளில் எடுக்கும்போது இடைவெளி மூன்று ஃபிரெட் ஆகும். மேலே உள்ள தடித்த முறுக்குக் கம்பிகள் சும்மா அதிர்ந்தால் எல்லாம் குழம்பும், அதற்குப் பெருவிரலை மேலால் போட்டு மூடுங்கள்.

அரை அடிக்கு ஒரு தட்டு என்றால் நொடிக்கு 6.5 தட்டு. கால் அடிக்கு ஒரு தட்டு என்றால் நொடிக்கு 13. முழங்கையால் அடிப்பவருக்கு முதல் சரணம் முடியுமுன் முன்கை கல்லாகிவிடும். அசைவு மணிக்கட்டில் இருக்க வேண்டும், மேலும் கீழுமாக மாறி மாறி. பிக் 0.73 முதல் 0.88 மில்லிமீட்டர் வரை, விரலுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது. மெல்லிய பிக் வளைந்து திரும்புவதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும். 100 அடியில் தொடங்கி, பிழையில்லாமல் மூன்று முறை வாசித்த பிறகு ஐந்து கூட்டுங்கள். 150இலும் 170இலும் எல்லோரும் ஒரு சுவரில் முட்டுவார்கள். அங்கே கை இறுகுவதை உணர்ந்தால் நிறுத்திவிட்டுப் பத்து குறையுங்கள். இறுகிய கையோடு பழகினால் இறுக்கமே பழக்கமாகிவிடும்.

டிஸ்டோர்ஷனை முழுவதும் திருப்பி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் பிழை. மெட்டல் கேட்டு வந்தவர்கள் 'இருட்டுப் பாட்டு' என்றதும் அங்கேதான் கை வைப்பார்கள். இந்தப் பாணிக்கு நரநரப்பு கொஞ்சம் போதும், பத்தில் நான்கு. பேஸ் மூன்று, மிட் ஆறு அல்லது ஏழு. கோர்ட்டை அடித்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே கேட்க வேண்டும். டிலே போடாமல் இருப்பதே நல்லது. போட்டே ஆக வேண்டுமென்றால் 154 மில்லிநொடி, ஒரே ஒரு எதிரொலி. கண்மூடித்தனமாக 400இல் வைத்தால் தாளம் சேறாகும்.

ஒக்டேவ் வாசிப்பு கித்தாரின் எல்லாக் குறைகளையும் வெளியே கொண்டுவரும். 12ஆம் ஃபிரெட்டில் கம்பியை மெல்லத் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக் ஒலியையும் அதே ஃபிரெட்டை அழுத்தி எடுக்கும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் கம்பியின் அடிமுனையைத் தாங்கும் சாடிலைப் பின்னுக்குத் தள்ளிக் கம்பியை நீட்ட வேண்டும், தாழ்ந்திருந்தால் முன்னுக்கு. கழுத்து வளைவும் நம் ஊரில் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி நிற்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும். மாரியில் ஈரத்தைக் குடித்து ஊதும். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திக்கொண்டு எட்டாவதுக்குக் கிட்டக் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் காட் இறுக்கமில்லாமல் நுழைந்தால் சரி. திருத்த வேண்டுமென்றால் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ரொட் என்ற உலோகத் தண்டை ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம், ஒரு நாள் விட்டுப் பாருங்கள். டச்பே பக்கம் கடற்காற்று நேரே அடிக்கும் வீடுகளில் கம்பிகள் வேகமாகக் கறுக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு உறைக்குள் வைத்துவிட வேண்டும். சுவரில் தொங்கவிடுவது அழகுதான், கடற்கரை வீட்டுக்கு ஆகாது.

ஜப்பானில் இருந்து வந்த பழைய அம்ப் மலிவாகக் கிடைத்தால், பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் செருக வேண்டாம். அங்கே 100 வோல்ட், இங்கே 230. அடப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. செருகிய நொடியே ஃபியூஸ் எரியும், ஃபியூஸ் தப்பினால் டிரான்ஸ்போமர் எரியும். 230இலிருந்து 100க்கு இறக்கும் டிரான்ஸ்போமர் வேண்டும், தகட்டில் எழுதியிருக்கும் வொட் அளவுக்கு இரண்டு மடங்காவது தாங்கக்கூடியது. கித்தார்க் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறது, கையை எடுத்ததும் கூடுகிறது என்றால் முதலில் நில இணைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் முனையை ஒடித்து இரண்டு முனையாக்கிய பிளக்குகள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. அது உயிருக்கும் ஆபத்து.

பழகும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகரக் கூரை, சீமெந்துத் தரை, வெறும் சுவர் உள்ள மண்டபத்தில் ஒலி ஒரு நொடி சுற்றினால், கால் அடித் தட்டுகள் பதின்மூன்று ஒன்றன் மேல் ஒன்று விழும். எவ்வளவு துல்லியமாக வாசித்தாலும் கேட்பவர் காதில் இரைச்சல்தான். தரையில் பன்பாய்கள், சுவரில் தடித்த போர்வைகள், டிரம்முக்குப் பின்னால் ஒரு மெத்தை. இவ்வளவுக்கே பெரிய வித்தியாசம் தெரியும். கோயில் திருவிழாக் கோஷ்டிகளில் வாசித்துத் தேறிய டிரம்மர் கிடைத்தால் வேகத்துக்குப் பயமில்லை, அவர்கள் கை ஓயாது. ஆனால் குத்துப் பாட்டின் குலுக்கல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இதில் ஒரு சுற்றின் எட்டு அரை அடிகளும் கோடு போட்டதுபோல் சமமாக விழ வேண்டும். அவருக்கு 97.5இல் மெட்ரோனோம் கொடுத்துப் பாருங்கள். பாதி வேகத்தில் எண்ணும்போது பதற்றம் குறைந்து அடி நிலைக்கும்.

'உராஒமோதே லவர்ஸ்' 2009 ஓகஸ்ட்டில் வந்தது. வேகம் 160க்குக் கிட்ட, 'ரோலிங் கேர்ளை' விடக் குறைவு. ஆனால் பாடுவதற்கு அதைவிடக் கடினம். சொற்கள் அவ்வளவு நெருக்கம், மெட்டு ஓய்வில்லாமல் மேலும் கீழும் தாவும். மனிதர் பாடுவதற்கென்று எழுதியதல்ல என்பது கேட்ட முதல் நிமிடத்திலேயே தெரியும். முதல் பாட்டாக இதை எடுக்க வேண்டாம். எடுத்தால் ஆண் குரல்கள் மூன்று முதல் ஐந்து அரைச்சுரம் இறக்கிக்கொள்ளலாம். மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்து, அந்த இடத்தில் ஒரு எழுத்தை விட்டுக்கொடுங்கள். வரியின் கடைசி எழுத்தை விடுவது முதல் எழுத்தை விடுவதைவிட மேல். காது தொடக்கத்தைத்தான் பிடித்துக்கொள்ளும்.

இசைக்குழுவாகச் சேர்ந்து வாசிக்க எங்கள் தெரிவு 2010 மே மாதத்து 'வேர்ல்ட்ஸ் எண்ட் டான்ஸ்ஹோல்'. மிக்குவோடு இன்னொரு கணினிக் குரலான மெகுரினே லூக்காவும் பாடுகிறாள். இரண்டு குரல் என்பதால், ஒருவர் மூச்சு எடுக்கும் இடத்தை மற்றவர் பாடி மூடலாம். மேலே கூர்மையாக ஒன்று, கீழே தடித்து ஒன்று என்று குரல்கள் அமைந்திருப்பதால் அக்கா தங்கையாகவோ ஒரு பெண்ணும் பையனுமாகவோ பிரித்துப் பாட வசதி. ஆடும் தாளத்தில் விடைபெறும் பாட்டு. கூட்டம் கைதட்டும், வரி தெரிந்தவர் மட்டும் கைதட்டாமல் நிற்பார். மேடைக்கு இதைவிடப் பொருத்தமானது இந்த இறுவட்டில் இல்லை.

தலைப்புப் பாட்டு 'அன்ஹெப்பி ரிஃப்ரெய்ன்' எல்லாவற்றிலும் அடர்த்தி கூடியது. முந்திய மூன்றின் தந்திரங்களையும் ஒரே பாட்டில் அடுக்கியிருக்கிறார். கேட்க அருமை. ஒரு கித்தாரோடு வாசித்தால் எலும்புதான் மிஞ்சும், இரண்டு கித்தார் இல்லாதவர்கள் விட்டுவிடலாம். இறுவட்டை ஒரே மூச்சில் முழுக்கக் கேட்பதற்கும் நாங்கள் சொல்ல மாட்டோம். ஐந்தாறு பாட்டுக்குப் பிறகு காது மரத்துவிடும், நல்ல பாட்டுகள் ஒன்றையொன்று மறைக்கும். அது இந்தத் தொகுப்பின் உண்மையான குறை. இரண்டு மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.

இந்த இறுவட்டுக்குப் பிறகு வோவகா ஹிட்டோரியே என்ற நால்வர் குழுவை அமைத்துத் தானே மைக்கின் முன் நின்றார். மூச்சு எடுக்க வேண்டிய உடம்போடு அதே வேகத்தில் பாடினார். மிக்குவின் பத்தாம் ஆண்டுக்காக 2017 ஓகஸ்ட்டில் திரும்பி வந்து அவளுக்கு எழுதிய 'அன்நோன் மதர்கூஸ்' அதனால்தான் வேறு மாதிரி இருக்கிறது. வேகம் உண்டு, ஆனால் கித்தார் விலகி நிற்கும் வெளிகளும் உண்டு. நான் அன்பைப் பற்றிப் பேசினால் என்று தயங்கித் தொடங்குகிறது. 2019 ஏப்ரல் 5 அன்று, 31 வயதில், தூக்கத்தில் இதயம் செயலிழந்து அவர் இறந்துபோனார். குழுவில் மிஞ்சிய மூவரும் நிறுத்தவில்லை, கித்தார் வாசித்த ஷினோதா பாடகராகவும் ஆனார். பாடிப் பழகுகிறவர்கள் மிக்குவின் பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு முட்டி மோதாமல், ஹிட்டோரியேயின் மேடைப் பதிவுகளையும் பக்கத்தில் வையுங்கள். வரிக்கும் வரிக்கும் இடையில் மைக்கில் விழும் அந்தச் சின்ன மூச்சொலிகளைக் குறித்துக்கொண்டால், எங்கே மூச்சு எடுக்கலாம் என்பதை எழுதியவரின் நெஞ்சிலிருந்தே படித்துக்கொள்ளலாம்.